மூன்று நாள் விதி

சென்னை மருத்துவமனை எதிலாவது ஒரு வாரம் படுத்திருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ட்ரிப்ஸ் ஏற்றக் கையில் போட்ட வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. ஆனாலும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சிஸ்டர் வந்து அதைக் கழற்றிவிட்டு மறுகையில் புதிதாகக் குத்துவார். ஏன் என்று கேட்டால், “மூணு நாளைக்கு மேல வைக்கக் கூடாதுங்க, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்” என்பார். நரம்பு எளிதில் அகப்படாத முதியவர்களுக்கும் கீமோ முடித்தவர்களுக்கும் இந்த விதி ஒரு சிறு தண்டனை. இரண்டு முறை, மூன்று முறை குத்திப் பார்த்த பிறகு, “சீனியர் சிஸ்டரைக் கூப்பிடறேன்” என்று இளம் செவிலியர் பின்வாங்கும்போது நோயாளியைப் போலவே அவருக்கும் கண் கலங்கியிருக்கும்.

இந்த விதிக்கு மூலம் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்குப் போட்ட ஊசிக்குழாயை 72 முதல் 96 மணி நேரத்துக்குள் மாற்றும்படி சொன்னது. அது பாடநூலுக்குள் போனது. பிறகு வார்டுச் சுவரில் ஒட்டிய அட்டைக்கும், தர ஆய்வுக்கு வருகிறவர்கள் சரிபார்க்கும் படிவத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கு வந்த பின் அதன் மூலத்தை யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒரு செவிலியர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த கிளேர் ரிக்கார்டும் அவருடைய குழுவினரும் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாள் கணக்குப்படி ஊசியை மாற்றினார்கள். மற்றொரு பிரிவினருக்கு வலி, சிவப்பு, அடைப்பு என்று காரணம் தோன்றினால் மட்டுமே மாற்றினார்கள். 2012இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இரத்த நாள அழற்சி இரு பிரிவிலும் 7 சதவீதம். கூடுதலாகக் குத்தியதால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

செவிலியத்தில் சான்று அடிப்படையிலான பராமரிப்பு என்றால் என்ன என்று விளக்க வகுப்பறைகளில் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று. பழைய வழக்கம், அதைச் சோதிக்கும் ஆய்வு, புதிய வழக்கம் என்று எல்லாம் நேர்கோட்டில் அமைந்துவிடுகிறது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாடமாகச் சொல்பவர்கள் குறைவு. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2018இல் நாள் கணக்கைக் கைவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றும் முறைக்குப் போயின. இரத்தத்தில் தொற்று ஏறுவது இந்த வகை ஊசிகளில் மிக அரிது. ஆனால் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது அந்த அரிய தொற்று பல மடங்கு கூடியிருந்தது. 2019இல் பழைய முறைக்கே திரும்பினார்கள், தொற்றும் இறங்கியது. அந்த ஆய்வு 2021இல் வெளியானது.

அப்படியானால் ரிக்கார்டு தவறா? அப்படித் தோன்றவில்லை. குவீன்ஸ்லாந்து ஆய்வில் ஊசி போட்ட இடத்தை ஆய்வுச் செவிலியர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். ஜெனீவாவில் விதி மாறியது. பார்க்கும் கண்கள் அதே அளவில் மாறினவா என்பதுதான் சந்தேகம். ‘காரணம் இருந்தால் மாற்று’ என்ற விதிக்குள் ‘காரணம் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்’ என்ற வேலை மறைந்திருக்கிறது. நாள் கணக்கு விதி, அந்தப் பார்வைக்கு நேரமில்லாத வார்டில், பார்வைக்குப் பதிலாக நிற்கிறது. முப்பது நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற நைட் டியூட்டியில் மூன்று நாள் விதியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

டேவிட் சாக்கெட்டும் தோழர்களும் 1996இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சான்று அடிப்படையிலான மருத்துவத்துக்குக் கொடுத்த வரையறையும் இதைத்தான் சொல்கிறது. கிடைக்கும் சிறந்த ஆய்வுச் சான்று தனியாக நிற்பதில்லை. அதோடு பராமரிப்பவரின் அனுபவத் தெளிவும் நோயாளியின் விருப்பமும் சேர வேண்டும். நம் ஊரில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தேர்வுத்தாளில் விட்டுவிட்டோம்.

செவிலியர்களின் அறிவைப் பற்றி வரும் ஆய்வுகளைப் படித்தால் இந்த விடுபடல் தெரியும். 2006இல் பிரிட்டனில் டொமினிக் அப்டனும் பென்னி அப்டனும் 24 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். மனப்பாங்கு, அறிவு, நடைமுறை என்று மூன்று பகுதி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். அதன் பிறகு உலகின் எல்லா மூலையிலும் இந்தப் படிவமும் இதன் சகோதரப் படிவங்களும் செவிலியர் கைகளில் கொடுக்கப்பட்டன. முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். மனப்பாங்கு நன்று, அறிவு நடுத்தரம், நடைமுறை குறைவு. பரிந்துரையும் ஒன்றுதான்: பயிற்சி முகாம் நடத்துக.

எனக்கு இந்த முடிவில் சந்தேகம் இல்லை, பரிந்துரையில்தான். ‘சான்றைப் பின்பற்றுவது முக்கியம் என்று கருதுகிறீர்களா’ என்று கேட்டால், கண்காணிப்பாளர் கொண்டுவந்து கொடுத்த படிவத்தில் இல்லை என்று யார் எழுதுவார்கள்? மனப்பாங்கு மதிப்பெண் உயர்வதற்குப் பாதிக் காரணம் மரியாதை. நடைமுறை மதிப்பெண் குறைவதற்கான காரணம் அறியாமை என்று முடிவு கட்டுவதற்கு முன், இன்னொரு பழைய படிவத்தைப் பார்க்க வேண்டும். 1991இல் அமெரிக்காவில் சாண்ட்ரா ஃபங்க் குழுவினர் செவிலியர்களிடம் ஆய்வு முடிவுகளைப் பயன்படுத்த விடாமல் எது தடுக்கிறது என்று கேட்டார்கள். பட்டியலின் உச்சியில் வந்தவை இரண்டு. நோயாளிப் பராமரிப்பு முறையை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது ஒன்று. புதியதைச் செய்து பார்க்க நேரமில்லை என்பது மற்றது. அதே படிவத்தைப் பல நாடுகளில் பயன்படுத்திய 63 ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்தபோதும், ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தும், பணியிடம் சார்ந்த தடைகளே முன்னால் நின்றன. அதிகாரமும் நேரமும் இல்லாதவர்களுக்கு நாம் மறுபடி மறுபடி வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பறையிலும் சிக்கல் உண்டு. கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள நர்சிங் கல்லூரிகளில் பி.எஸ்சி. மாணவர்கள் குழுவாகவும் எம்.எஸ்சி. மாணவர்கள் தனியாகவும் ஆய்வு செய்தாக வேண்டும். எந்தக் கல்லூரி நூலகத்திலும் அந்தத் தீசிஸ்களின் முதுகுப் பட்டைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். இன்ன நோய் பற்றி இன்னாரின் அறிவில் ‘திட்டமிட்ட போதனை நிகழ்ச்சி’யின் பயன் என்ற தலைப்பு, நோயையும் ஆட்களையும் மாற்றிக்கொண்டு அலமாரி முழுக்க வரும். முப்பது பேருக்கோ அறுபது பேருக்கோ ஒரு தேர்வு. பிறகு படம் காட்டி ஒரு வகுப்பு. ஒரு வாரம் கழித்து அதே தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும், கூடாமல் என்ன செய்யும்? அதன் பின் வயது, மதம், வருமானம், குடும்ப வகை என ஒவ்வொன்றோடும் கை-ஸ்கொயர் போட்டு அட்டவணை நிரப்பப்படும். நான்கு மாத உழைப்பின் முடிவில் மாணவிக்குப் புள்ளியியல் மீது பயமும், ஆய்வு என்றால் ஏற்கெனவே தெரிந்ததை நிரூபிப்பது என்ற எண்ணமும்தான் எஞ்சும். ‘இந்த வார்டில் நாம் செய்கிற இது சரிதானா’ என்று கேட்கும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் அனுமதி கிடைப்பது கடினம்; அது மருத்துவர் எழுதிய ஆர்டரையோ மருத்துவமனையின் புரோட்டோகாலையோ தொட்டுவிடும். போதனை நிகழ்ச்சி யாரையும் தொடாது. ஆகவே அது பாதுகாப்பான தலைப்பு.

கல்லூரியில் பாடம் எடுப்பவர் ஒருவர், வார்டை நடத்துபவர் வேறொருவர் என்ற பிரிவும் இதற்கு உரம் போடுகிறது. டியூட்டருக்குப் புதிய ஆய்வு தெரியும், வார்டில் அதிகாரம் இல்லை. ஹெட் நர்ஸுக்கு வார்டு தெரியும், படிக்க நேரமில்லை. மாணவி இருவருக்கும் இடையில் நின்று, தேர்வுக்கு ஒன்றும் டியூட்டிக்கு வேறொன்றும் கற்றுக்கொள்கிறார். வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் பிரிவைத் தவிர்க்க ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே நர்சிங் கல்லூரிப் பேராசிரியர்களே மருத்துவமனைப் பிரிவுகளின் பொறுப்பிலும் இருப்பார்கள். உலக ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் பிரதாப் தர்யன் தலைமையில் அதே வளாகத்தில் உருவானதும், செவிலியர்களுக்கான தொடர்கல்வி இதழ் ஒன்று அங்கிருந்து வருவதும் இந்தச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. வேலூரை அப்படியே சென்னைக்குப் பெயர்த்துவிட முடியாது. ஆனால் படித்தவரும் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை.

சொல்லப்போனால் சென்னையைவிட்டே வெளியே போக வேண்டியதில்லை. மருத்துவ வரலாற்றில் பெரிய சான்றுகளில் ஒன்று இந்த நகரத்துச் சந்துகளில் உருவானது. அதை உருவாக்கியதில் செவிலியர்களுக்குப் பங்கு உண்டு.

1950களின் நடுவில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் நோயாளி சானடோரியத்தில் ஓய்வெடுத்து, நல்ல காற்றும் சத்தான உணவும் பெற்றால்தான் குணமாகும் என்பது உலகெங்கும் நிலவிய நம்பிக்கை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அந்த நம்பிக்கையின் சுவடு இருக்கிறது. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ அவர்களில் மிகச் சிலருக்கும் போதாது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து இந்தக் கேள்விக்காகவே சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உலக சுகாதார நிறுவனக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அந்த மையம்தான்.

முதல் ஆய்வில் 193 ஏழை நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்கும் மறுபாதியினர் தங்கள் வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரு மருந்துகள், 12 மாதம். பி.ஏ.எஸ். நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. சானடோரியத்தில் கண்ணெதிரே கொடுத்துவிடலாம். வீட்டில் நோயாளி அதைச் சாப்பிட்டாரா, சாக்கடையில் போட்டாரா என்று எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்வியில்தான் ஆய்வின் உயிர் இருந்தது. பதில் தேடிப் போனவர்கள் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உடலில் இருக்கிறதா என்று சோதிக்கச் சிறுநீர் வாங்கி வந்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்பதும் பதிவானது. ஊரில் தூற்றல் வருமோ என்று பயந்த குடும்பங்களிடம் பேசி, விட்டுப்போனவர்களைத் திரும்ப அழைத்து வருவதும் இந்த வேலையில் சேர்ந்தே இருந்தது.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்கள் மோசமாகச் சாப்பிட்டார்கள், நெருக்கடியில் வாழ்ந்தார்கள், ஓய்வும் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் இடைவெளி இவ்வளவுதான். ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் நோய் மீண்டும் தலைதூக்குவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. எல்லோரும் அஞ்சியபடி வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து உண்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஓய்விலும் காற்றிலும் இல்லை என்று ஆனது. சானடோரியம் என்ற கருத்தே உலகெங்கும் மெல்லக் காலாவதியானது. 1964இல் அதே மையம் வாரம் இருமுறை கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து வெளியிட்டது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் பரப்பியதும், 1997இல் இந்தியத் தேசியத் திட்டம் ஏற்றுக்கொண்டதுமான, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் டாட்ஸ் முறைக்கு அங்கே வேர் இருக்கிறது.

1959ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் என்ற இடத்தில் மையத்தின் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. வாலஸ் ஃபாக்ஸின் பெயரை வரலாறு தனியே நினைவில் வைத்தது. மாத்திரை எண்ணிய பெண்களின் பெயரை வைக்கவில்லை. அது பழைய கதை, அந்தக் காலத்து வழக்கம் என்று கடந்துபோகலாம். ஆனால் இன்றைய நர்சிங் பாடத்திட்டத்தில் ஆய்வு என்ற தாளில் இந்தச் சென்னை ஆய்வு ஏன் முதல் பாடமாக இல்லை என்பது இந்தக் காலத்துக் கேள்வி. அதில் எல்லாம் இருக்கிறது: குலுக்கல் பிரிப்பு, ஒப்பீடு, அளவீட்டின் நம்பகத்தன்மை, ஏழை நோயாளியிடம் ஒப்புதல் பெறுவதன் அறச்சிக்கல். தன் ஊர், தன் தொழில், தன் முன்னோர். இதைவிட நெருக்கமாக ஆய்வைக் கற்பிக்க முடியாது.

அந்தச் செவிலியர்களிடம் அன்று இருந்து, இன்றைய வார்டுச் செவிலியரிடம் இல்லாமல் போனது அறிவு அல்ல. குறிப்பிட்ட எண்ணிக்கை வீடுகள், அதற்கு வேண்டிய நேரம், எழுதியதை யாரோ கூர்ந்து படிப்பார்கள் என்ற நிச்சயம் ஆகியவை அவர்களுக்கு இருந்தன. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைப் பொது வார்டில் ஓர் இரவு கழித்தவர்களுக்கு இந்த எண்ணைப் படித்தால் சிரிப்பு வரும். லிண்டா எய்க்கன் குழுவினர் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 பேரின் கணக்கை 2014இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியர் எண்ணிக்கை பற்றி இதுவும் ஒரு சான்றுதான். இதைச் செவிலியர் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, நிதித்துறை படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 2015இல் எடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நிரந்தரமில்லாத ஆள், மூத்த மருத்துவரிடம் ‘இந்த வழக்கத்துக்கு ஆதாரம் இல்லையே சார்’ என்று சொல்வதற்கு எத்தனை துணிவு வேண்டும்?

மருத்துவமனைக்கு வெளியே, வீட்டில் நடக்கும் செவிலியத்துக்குப் பாலவாக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கே கடலும் குப்பமும், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. கால்வாயைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலையும் அதன் பெரிய தனியார் மருத்துவமனைகளும். இங்கே செவிலியம் இரண்டு விதமாக வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு ஏஜென்சி மூலம் ‘ஹோம் நர்ஸ்’ வருவார். அவர்களில் பலர் பட்டமோ டிப்ளமோவோ படிக்காதவர்கள். குப்பத்து வீடுகளுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலிநிவாரணச் செவிலியர் வருவார். இரண்டு வீட்டிலும் படுத்த படுக்கையான ஒருவருக்குப் பெரும் எதிரி ஒன்றே: படுக்கைப்புண்.

பின்புறம் சிவந்திருந்தால் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, நன்றாகத் தேய்த்துவிட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நம் நர்சிங் பள்ளிகள் கற்றுக்கொடுத்தன. இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சிவந்த இடத்தைத் தேய்க்காதே என்கின்றன. நசுங்கி இரத்த ஓட்டம் குறைந்த திசுவைத் தேய்த்தால் கெடுதல்தான். காற்றடைத்த வளையத்தில் உட்கார வைப்பதும் கூடாது, விளிம்பில் அழுத்தம் ஏறும். இந்த இரண்டையும் நிறுத்த யாருடைய அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டில் ஒரு மூத்த பெண்மணி, “தேய்ச்சுவிட்டாத்தானே அவருக்கு இதமா இருக்கும்” என்று சொல்லும்போது பதில் சொல்லத் தெரிந்தால் போதும். தேய்ப்பதை முதுகின் மேல்பகுதிக்கு மாற்றிக்கொள்ளலாம். இதமும் இருக்கும், சிவந்த இடத்துக்குக் கெடுதலும் வராது.

திருப்பிப் படுக்க வைப்பது அவ்வளவு எளிதல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய விதி. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் வேறுபாடு இல்லை. இரவு முழுக்க விழித்து முதுகு ஒடியும் மருமகளுக்கு இது நல்ல செய்தியாகத் தெரியும். ஆனால் அந்த 942 பேரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள். குப்பத்து வீட்டில் பாயும் பழைய இலவம்பஞ்சு மெத்தையும்தான். அங்கே நான்கு மணி நேரம் என்று சொல்வது சான்றைப் பின்பற்றுவதாகாது. ஆய்வின் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கைவிடுவதாகும். அடுக்குமாடி வீட்டில் காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை இருக்கும், அது மின்சாரத்தில் ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தென்சென்னையின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது திருப்பும் கணக்கை உடனே மாற்றத் தெரிந்த செவிலியருக்கு எந்த 24 கேள்விப் படிவமும் மதிப்பெண் தராது. சாக்கெட் சொன்ன மூன்றில் இரண்டாவது, அனுபவத் தெளிவு, இப்படித்தான் இருக்கும்.

சான்று மாறவும் செய்யும். வென்டிலேட்டரில் இருப்பவர்களின் வாயைக் குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைக்க வேண்டும் என்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு காலத்தில் கறாராக வலியுறுத்தினார்கள். பிறகு வந்த தொகுப்பாய்வுகள் அது மரணத்தைக் கூட்டக்கூடும் என்று ஐயம் எழுப்பின. 2022இல் அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு அமைப்புகள் அதைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கி, சாதாரணப் பல் துலக்கலைச் செய்யச் சொன்னன. நேற்று அதைச் செய்யாததற்கு மெமோ வாங்கியவர் இன்று செய்ததற்கு வாங்குவார். இதில் கசப்படைந்து ‘எல்லாம் இவங்க இஷ்டத்துக்கு மாத்துவாங்க’ என்று ஒதுங்கும் செவிலியரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஏன் மாறியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; சுற்றறிக்கை மட்டும் வந்தது.

சரிபார்ப்புப் பட்டியலும் பயிற்றுநரும் இருந்தால் போதுமா என்பதற்கும் இந்தியாவிலேயே பதில் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு மருத்துவ நிலையங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை உள்ளடக்கி நடந்த பெட்டர்பர்த் ஆய்வில், பிரசவ அறைப் பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று வழிகாட்டினார்கள். இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதம் நடந்தது. வழிகாட்டுதல் இல்லாத இடங்களில் 42 சதவீதம். வழிகாட்டிகள் போன பின், பன்னிரண்டாம் மாதத்தில், 62 சதவீதமாக இறங்கியது. தாய், சேய் இறப்பும் கடும் பாதிப்பும் குறையவே இல்லை. 2017இல் வெளியான இந்த முடிவைப் பலர் தோல்வி என்று படித்தார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். செவிலியர்கள் கற்றுக்கொண்டார்கள், செய்தார்கள். ஆனால் இரத்தமும் அறுவை அரங்கும் மேல்மருத்துவமனைக்கு வண்டியும் இல்லாத இடத்தில் அவர்கள் செய்தது உயிராக மாறவில்லை.

இதற்கு மறுபக்கமாகக் கங்காரு பராமரிப்பைச் சொல்லலாம். டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் 3,211 எடை குறைந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்த உடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான பிரிவில் 15.7 சதவீதம். இதைச் செய்ய முதலில் தேவைப்பட்டது செவிலியரின் அறிவு அல்ல, குழந்தைத் தீவிர சிகிச்சை அறைக்குள் தாய்க்கு ஒரு கட்டில். கட்டில் வந்த பின் செவிலியர்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக, படிப்பதற்கான வாசல். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தின்படி அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 13,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இலவசமாகத் திறந்தன. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவு. சென்னை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிக்கும் நர்சிங் மாணவி ரிக்கார்டின் கட்டுரையையும் ஜெனீவா கட்டுரையையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். தனியார் நிறுவனங்கள் இந்த முதல் கட்டத்தில் இல்லை. பாலவாக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, கால்வாயைத் தாண்டி மருத்துவமனை ஷிப்டுக்குப் போய்வரும் செவிலியருக்கு, அவர் வேலை பார்க்கும் நிறுவனமே சந்தா கட்டினாலன்றி, பல இதழ்களின் முழுக் கட்டுரை பூட்டியேதான் இருக்கும். காக்ரேன் தொகுப்பாய்வுகளின் எளிய சுருக்கங்கள் சில தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; நோயாளிகளுக்காக எழுதப்பட்டவை அவை. நைட் டியூட்டியில் போனில் அதைப் படித்துவிட்டு, காலை ரவுண்ட்ஸில் வென்ஃப்ளானைச் சுட்டி, “இது நல்லாத்தான் இருக்கு டாக்டர், நாளைக்கும் பார்த்துட்டு மாத்தலாமா” என்று கேட்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் அந்தக் கேள்வியை எழுத ஒரு கட்டம் இன்னும் அச்சாகவில்லை.